பரண் மேல இருந்த பேறுகாலக் கட்டு

அதத்தான் நானும் கேக்குறேன் தாயி. சிலிண்டரு இருபத்திரெண்டு நாள்ல தீந்து போச்சுன்னா, அதுக்கு அந்த மூலை வீட்டு மருமகப் பிள்ளைய ஏன் தெருவுல நிறுத்தி வச்சு வையணும்? "ஒரு மாசத்துக்கு மேல வர வேண்டிய கேஸு எங்கடி போச்சு, குடத்துல மோந்து ஒங்கம்மா வீட்டுக்குக் குடுத்து விட்டியா"ன்னு கேட்டாளாம்ல அந்த மாமியாகாரி. கேஸ எப்படித்தா மோந்து குடுக்குறது? கேக்குறவளுக்குக் கூறு வேணாம்? நீயும் அத நின்னு கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட வந்து சொல்லுற. இந்தா, வெத்தலையப் போடு. கொஞ்ச நேரம் உக்காரு. எனக்கு அந்தப் பேச்சக் கேட்டதுல இருந்து பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்லுறேன், கேளு. சொல்லவும் ஆசையாத்தான் இருக்கு, யாரு இப்பல்லாம் உக்காந்து கேக்குறா?

எனக்கு அப்பப் பதினெட்டு வயசு. கல்யாணமாகி ஒண்ணரை வருசம். வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருந்த காலம். சீமெண்ணெ கிடைக்காது, தீப்பெட்டி கிடைக்காது. அருப்புக்கோட்டையில இருந்து எங்க ஊருப் பக்கம் வர்ற பஸ்ஸே பெட்ரோலு இல்லாமக் கரியில ஓடுச்சுன்னா பாத்துக்கயேன். பஸ்ஸுக்குப் பின்னால ஒரு இரும்பு உலைய மாட்டி, அதுல மூட்டை மூட்டையாக் கரியக் கொட்டி எரிப்பாங்க. மேடு வந்தா ஏறாது. ஆம்பளைக எல்லாம் இறங்கித் தள்ளணும். பொம்பளைக நாங்க உள்ள உக்காந்து சிரிப்போம். ஒரு தடவ எங்க மாமனாரு வேட்டிய மடிச்சுக் கட்டித் தள்ளுறாக, பஸ்ஸு திடீர்னு வேகமெடுத்து அவுகள விட்டுட்டுப் போயிருச்சு. திருச்சுழிப் பாதையில துண்டத் தூக்கி ஆட்டிக்கிட்டே பின்னாடி ஓடி வந்தாக பாரு! நான் முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். சிரிச்சா தொலைஞ்சோம்ல.

அத விடு. அடுப்புக்கு வாரேன். அந்தக் கரிசக் காட்டுல விறகுன்னு என்ன இருந்துச்சு? தோப்பா, துரவா? அங்கொண்ணும் இங்கொண்ணும் உடமரம், வேலி முள்ளு. பருத்தி எடுத்து முடிஞ்சதும் செடியப் பிடுங்கிக் காயப்போட்டு, முத்தத்துல படப்பா அடுக்குவோம். அந்தப் பருத்திமாருதான் வருசம் பூரா அடுப்புக்கு. சரசரன்னு எரியும், சட்டுன்னு அவிஞ்சிரும். பக்கத்துலயே உக்காந்து தள்ளிக்கிட்டே இருக்கணும். அந்தப் பக்கம் ஒரு எட்டு எந்திரிச்சுப் போனோம்னா அடுப்பு செத்துப் போகும்.

எங்க மாமியா ஒரு பழக்கம் வச்சிருந்தாக. வீட்டுல ஒருத்தி முழுகாம இருந்தா, நல்ல கனமான மாராப் பொறுக்கி ஒரு கட்டு கட்டி, அடுப்புக்கு நேர் மேல பரண்ல ஏத்தி வச்சிருவாக. மாசக்கணக்கா அடுப்புச் சூடும் புகையும் பட்டுப் பட்டு அது கருகருன்னு மொடமொடன்னு ஆயிரும். பத்த வச்சா புகையே வராது. பிள்ள பெத்தவளுக்கு வெந்நி போட அதத்தான் எரிக்கணும். புகை வந்தா பச்சப் பிள்ளைக்குக் கண்ணுக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. பேறுகாலக் கட்டுன்னு அதுக்குப் பேரு. மழை நாள்ல அடுப்பே எரியலைன்னாலும் அதுல ஒரு குச்சிய உருவக் கூடாது. அந்த வருசம் என் நாத்தனா மாசமா இருந்தா. கார்த்திகை மாசம் பிள்ள பிறக்கும்னு எதிர்பாத்தாக. அவளுக்காக வச்ச கட்டு பரண்ல இருந்துச்சு. எனக்குன்னு ஒரு கட்டு வைக்க இன்னும் வேளை வரல. அதுக்கும் சேத்துத்தான் எங்க மாமியா என்னைய ஒரு மாதிரியாப் பாப்பாக.

இந்த நேரத்துல தீவாளி லீவுக்கு என் கொழுந்தன் வந்தாரு. மதுரையில காலேஜுல படிச்சாரு. எங்க பக்கத்துல காலேஜு வாசல மிதிச்ச மொத ஆளு. எங்க மாமனாருக்குத் தலைகாலு புரியாது. மகன் இருமுனாக்கூட இங்கிலீசுல இருமுறான்னு நினைக்கிறவுக. வந்தவரு சும்மா வரல. ஒரு பொட்டி கொண்டாந்தாரு. அதுக்குள்ள மூடி போட்ட செம்புக் குவளை ஒண்ணு, கோடு கோடாப் போட்ட கண்ணாடிக் குச்சி ஒண்ணு. டாக்குடரு வாயில வைக்கிறாருல்ல, அது மாதிரி, ஆனா முழ நீளம். அதுக்குள்ள வெள்ளி மாதிரி ஒரு தண்ணி சூடு பட்டா ஏறும், ஆறுனா இறங்கும்.

முத்தத்துல வச்சு ஒரு நாள் பூரா வித்தை காட்டுனாரு. நானும் குத்த வச்சு உக்காந்து பாத்தேன். குவளையில தண்ணிய நிறுத்து ஊத்துனாரு. தண்ணிய நிறுக்குறத அன்னைக்குத்தான் கண்டேன். பருத்திமார விரல் நீளத்துக்கு ஒடிச்சு, தட்டாசாரிகிட்ட இரவல் வாங்குன சின்னத் தராசுல பொன்னு மாதிரி நிறுத்தாரு. குவளையச் சுத்தித் தகரத்த வளைச்சுக் காத்து வீசாம மறைச்சு, கீழ அந்த மாரப் பத்த வச்சாரு. எரிஞ்சு முடியவும் கண்ணாடிக் குச்சியத் தண்ணியில விட்டுக் கோட்டப் படிச்சாரு.

"மதினி, இங்க பாருங்க. முப்பது டிகிரி ஏறியிருக்கு"ன்னாரு.

"அதுல என்ன ஆச்சரியம் கொழுந்தனாரே? அடியில தீ வச்சா வெந்நி சுடத்தான செய்யும்?"

"எவ்வளவு சுடுதுன்னுதான் கேள்வி. தண்ணியோட எடைய இந்த முப்பதால பெருக்கணும். குவளையும் கொஞ்சம் சூட்டக் குடிச்சிருக்கும், அதையும் சேத்துக்கணும். வர்றத, எரிஞ்ச மாரோட எடையால வகுத்தா, ஒரு எடை மாருக்குள்ள எவ்வளவு உஷ்ணம் இருக்குன்னு சொல்லிரலாம். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

"உள்ள யாரு கொண்டு போயி வச்சா அந்தச் சூட்ட?"

"வெயிலுதான் மதினி. செடி வெயிலக் குடிச்சு வளருதுல்ல."

"அப்பச் சரி. நம்ம ஊருல அதுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது."

சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், குத்தஞ் சொல்ல முடியாது. அவரு சிரிச்சது எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதோட விட்டிருந்தா என்ன? நோட்டை எடுத்து வச்சு, வீட்டுல இத்தனை பேரு, சோறு வேக இத்தனை தண்ணி, அது கொதிக்க இத்தனை சூடுன்னு எழுதி, மாருக்குள்ள இருக்குற சூட்டால வகுத்து, அவுக அப்பாகிட்டப் போயி வாசிச்சாரு. "கணக்குப்படி ஒரு வீசை மாரு போதும்ப்பா. சேதாரத்துக்கு ரெண்டு வீசை கூட்டி, ஒரு நாளைக்கு மூணு வீசைன்னு வச்சுக்கலாம்"னாரு.

நான் அடுப்புல என்ன எரிச்சேன் தெரியுமா? ஏழு வீசை. சில நாளு எட்டு.

மறுநாள் காலையில எங்க மாமனாரு பருத்தி நிறுக்குற பெரிய தராச வேப்பமரக் கொப்புல கட்டித் தொங்க விட்டுட்டாக. நான் முத்தத்துக்குப் போயி ஒரு அரி மாரு அள்ளப் போனா, "இரு, இரு, அதுல கை வைக்காத"ன்னு சொல்லி, மூணு வீசை நிறுத்து எங்கையில குடுத்தாக. பிச்சைக்கு நிக்கிற மாதிரி அடுப்புக்கு மாரு வாங்க நின்னேன் தாயி, நான் வாக்கப்பட்டு வந்த வீட்டுல.

"மாமா, இது காலையில ஒரு பொழுதுக்குக் காணாது"ன்னேன்.

"காலேஜுல படிச்ச பய சொல்லுறான் காணும்னு. ஒனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியுமா? அந்தக் கணக்குல அரிசி போட்டிருந்துச்சு. மதுரையில ஆஸ்டல்ல அவரு திங்கிறது அரிசி. எங்க வீட்டுல பொங்குறது கம்மஞ்சோறு. கம்பு அரிசி மாதிரியா வேகும்? கிண்டிக் கிண்டிக் கை கழண்டு போகும். காட்டு வேலைக்கு வர்ற நாலு பேருக்குக் கஞ்சி ஊத்தணும், அதுவும் கணக்குல இல்ல. எங்க கிணத்துத் தண்ணி உப்பு, பருப்பு அதுல லேசுல குழையாது, அதுவும் இல்ல. எல்லாத்துக்கும் மேல, எங்க மாமியாவுக்குத் தெனமும் ஒரு பானை வெந்நி போடணும், இடுப்புக்கு ஊத்த. அத நான் சொன்னேன்னு வையி, "நான் வெந்நி ஊத்துறதாடி ஒனக்குக் கண்ணக் குத்துது"ன்னு வந்திருக்கும். குடுத்தத வாங்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மூணாம் நாளு மழை பிடிச்சுக்கிருச்சு. ஐப்பசி மழை. முத்தத்துப் படப்பு நனைஞ்சு ஊறிப் போச்சு. ஊறுன மாரு கனக்கும்ல? மூணு வீசைன்னு தராசு சொல்லும், அதுல ஒரு வீசைக்கு மேல தண்ணி. அத அடுப்புல வச்சா நுனியில நுரை தள்ளும், சீய்ன்னு சத்தம் போடும், புகை மண்டும், எரியாது. ஊதி ஊதிக் கண்ணு ரெண்டும் கோவப்பழமாச்சு. பழைய தொடப்பத்தை எரிச்சேன். ஓட்டைக் கூடைய எரிச்சேன். சந்துல கிடந்த முள்ளப் பொறுக்கிட்டு வந்து காலுல குத்து வாங்குனேன். அப்படியும் கம்பு நறுக்கு நறுக்குன்னு அரை வேக்காடு. அதத் தின்னுட்டு எங்க மாமனாரு வயித்தப் பிடிச்சுக்கிட்டு வேலிப் பக்கம் ஆறு தடவ நடந்தாக. எனக்குப் பாவமா இல்ல. இருக்கட்டும்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்க வீட்டுக்காரவுக இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாகளான்னு கேப்ப. அவுக பஞ்சு லோடு ஏத்திக்கிட்டு விருதுநகருக்கு வண்டி கட்டிப் போயிட்டாக. இருந்தாலும் பேசியிருக்க மாட்டாக. மாட்டுக்கிட்டப் பேசுவாக மணிக்கணக்கா, மனுசகிட்டப் பேச்சு வராது.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். அரை வேக்காட்டச் சாக்கா வச்சு எங்க மாமியா ஆரம்பிச்சாக. "மூணு வீசை போதும்னு எம் மகன் எழுதியே காட்டிட்டான். நீ இத்தன நாளா ஏழு வீசை எடுத்தியே, மிச்சம் நாலு வீசை எங்கடி போச்சு?"

"எங்க போகும் அத்தை? அடுப்புலதான் போச்சு."

"அடுப்புலதான் போச்சு. யாரு வீட்டு அடுப்புலன்னுதான் கேக்குறேன்."

விளங்குச்சா? எங்க ஆத்தா வீடு அதே ஊருல மேலத் தெருவுல. எங்கய்யா செத்துப் போயி எங்க ஆத்தா ஒத்தையில இருந்தா. ஒரு பசுமாடு, அரைக் குறுக்கம் புஞ்சை. எருவாட்டி தட்டி, முள்ளு பொறுக்கித்தான் அவ அடுப்பு எரிஞ்சுச்சு. என் வீட்டுல இருந்து ஒரு கருவேப்பில இணுக்கு அவ கையில வாங்குனது கிடையாது. கட்டிக் குடுத்த வீட்டுல இருந்து வாங்குனா எம் மகளுக்குத்தான் சொல்லு வரும்னு சொல்லுவா. அப்பேர்ப்பட்டவளுக்கு நான் பருத்திமாரு கடத்துனேனாம்!

சரி, வாய்ப் பேச்சுத்தானன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு நாத்தனாவ அழைச்சுட்டு வர்ற பேச்சு வந்துச்சு. கட்டு பத்திரமா இருக்கான்னு பாக்க எங்க மாமியா ஏணிய வச்சுப் பரண்ல ஏறுனாக. ஏறுனவுக அங்க இருந்தே கத்துனாக. பேறுகாலக் கட்டு தொளதொளன்னு கிடக்கு, மூணுல ஒரு பங்கக் காணோம்.

ஏணியில இருந்து இறங்கக் கூட இல்ல. பாதியில நின்னுக்கிட்டே சொன்னாக: "ஒனக்கு ஒரு கட்டு வைக்கத் துப்பில்ல. எம் மக பிள்ளைக்கு வச்ச கட்டையாடி அவுத்துக் குடுத்த?"

தாயி, அம்பது வருசமாச்சு. அந்தச் சொல்லு இன்னும் இங்ஙன கிடக்கு.

சொன்னதோட விட்டாகளா? நேரா மேலத் தெருவுக்குப் போனாக. நான் பின்னாடியே ஓடுனேன். எங்க ஆத்தா முத்தத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா. "வாங்க மதினி"ன்னா. எங்க மாமியா ஏன்னும் கேக்கல, எதுக்குன்னும் சொல்லல. விறுவிறுன்னு அடுப்படிக்குள்ள நுழைஞ்சு, எங்க ஆத்தா அடுப்புச் சாம்பலுக்குள்ள கைய விட்டு அள்ளி, விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சுப் பாத்தாக. எருவாட்டிச் சாம்பலா, பருத்திமார்ச் சாம்பலான்னு. பக்கத்து வீட்டுப் பொம்பளைக ரெண்டு பேரு எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாளுக. சாம்பல்ல ஒண்ணும் தெரியல. தெரியலைன்னதும், "கூட்டி அள்ளியிருப்ப"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாக.

எங்க ஆத்தாவுக்கு அப்பத்தான் விசயமே விளங்குச்சு. அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு செம்புல மோரு கொண்டாந்து நீட்டுனா. "நடந்து வந்திருக்கீக, குடிச்சிட்டுப் போங்க"ன்னா. குடிக்காமப் போயிட்டாக. எங்க ஆத்தா அந்த மோர என் கையில குடுத்து, "நீ எடுத்தியாத்தா?"ன்னு மெல்லக் கேட்டா. எங்க மாமியா கேட்டதக் கூடத் தாங்கிக்கிட்டேன். பெத்தவ கேட்டுட்டா. கேக்க வச்சுட்டாகள்ல?

அழுதேன்னு நினைக்காத. நான் அழல. வீட்டுக்கு வந்து, கோவத்துல எதையாவது கூட்டணும், தேய்க்கணும்னு தொடப்பத்த எடுத்து வீட்டையே புரட்டிக் கூட்டுனேன். கொழுந்தன் ஊருணிக்குக் குளிக்கப் போயிருந்தாரு. அவரு சாமானு மூலையில இருந்துச்சு. குவளை, தகரம், ஒரு பிஸ்கோத்து டப்பா. டப்பாவ நகத்தி வைக்கத் தூக்குனேன், மூடி கழண்டு உள்ள இருந்தது கொட்டுச்சு. ஒடிச்ச பருத்திமாரு. அள்ளப் போனேன். கையெல்லாம் கரி.

அன்னைக்குக் கண்ணாடிக் குச்சியையே பாத்துக்கிட்டிருந்ததுல மாரோட நிறத்த நான் கவனிக்கல. முத்தத்து மாருல ஏது கரி? அது வெளுத்து, மண்ணு ஒட்டி இருக்கும். இது கருகருன்னு, எண்ணெ தடவுன மாதிரி மினுமினுன்னு. ஒண்ண ஒடிச்சேன். மொடக்குன்னுச்சு. அப்பளம் மாதிரி. அஞ்சு மாசம் அடுப்புக்கு மேல கிடந்தாத்தான் மாரு அப்படி ஒடியும். டப்பாவோட அப்படியே கூடத்து நடுவுல வந்து உக்காந்துட்டேன்.

கொழுந்தன் தலையத் துவட்டிக்கிட்டே வந்தாரு. மாமனாரு இருக்காக, மாமியா இருக்காக. கேட்டேன்: "கொழுந்தனாரே, இந்த மார எங்க இருந்து எடுத்தீக?"

"பரண்ல இருந்துதான் மதினி. வெளிய இருக்குறது மண்ணும் தூசியுமா இருந்துச்சு. இது நல்லாக் காஞ்சு சுத்தமா இருந்துச்சு. ஏன்?"

பாரு! ஏன்னு கேக்குறாரு! எங்க மாமியா சட்டுன்னு உள்ள பாத்துத் திரும்பி, இல்லாத சோலி ஒண்ணப் பாக்க ஆரம்பிச்சுட்டாக.

நான் விடல. "ரெண்டு மூணு நாளா எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருக்குன்னு பேச்சாக் கிடக்கு. ஒங்க டப்பாவுல இருக்கு. எத்தன தடவ எரிச்சுப் பாத்தீக?"

"ஒரு தடவ பாத்தாத் தப்பு வரும்னு பத்துப் பன்னெண்டு தடவ. கூட எடுத்துக்கிட்டு மதுரைக்கும் கொண்டு போகலாம்னு..." அவருக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. முகம் செத்துப் போச்சு. "அது எதுக்கு வச்சதுன்னு எனக்குத் தெரியாது மதினி. சொல்லிட்டு எடுத்திருக்கணும்."

"அத விடுங்க. எனக்கு நிறுத்துக் குடுக்குறது முத்தத்து மாரு. ஒங்க சாமானத் திரும்ப எடுங்க. அதே எடைக்கு முத்தத்து மார வச்சு எரிங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மாமனாரு, "அதெல்லாம் எதுக்குத்தா இப்ப?"ன்னாக. நான் அவுக முகத்தப் பாத்துப் பேசுனது அன்னைக்குத்தான் மொதத் தடவ: "தராசு கட்டுனது நீங்கதான் மாமா. பாத்துட்டுப் போங்க."

நிறுத்தாரு. பத்த வைக்கிறாரு, பத்த மாட்டேங்குது. பத்துனா நுரை தள்ளுது. கடைசியில எப்படியோ எரிஞ்சு முடிஞ்சுச்சு. கண்ணாடிக் குச்சிய விட்டுப் பாத்தாரு, திரும்பத் திரும்பப் பாத்தாரு. முன்ன முப்பது கோடு ஏறுனது, இப்பப் பதினஞ்சத் தாண்டல. "உள்ள இருக்குற ஈரம் ஆவியாகிப் போறதுக்கே பாதிச் சூடு போயிருது"ன்னாரு, ஏதோ புதையலு கண்டவரு மாதிரி. அவருக்கு அதுல சந்தோசம் வேற! நோட்டை எடுத்து எழுத உக்காந்துட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த நோட்டையே அடுப்புல வச்சிருப்பேன். நல்லாக் காஞ்ச நோட்டு, அது எத்தனை டிகிரி ஏறுதுன்னு பாத்திருக்கலாம்.

மாமனாரு எந்திரிச்சுப் போயித் தராச அவுத்தாக. "போயி உலைய வையி"ன்னாக.

"வைக்க மாட்டேன் மாமா"ன்னேன். "அத்தை போயி எங்க ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வரட்டும். சாம்பல்ல கைய விட்ட அதே அடுப்படியில நின்னு சொல்லணும். அதுவரைக்கும் இந்த அடுப்பப் பத்த வைக்க மாட்டேன்."

"நான் போறதா? அவ வாசலுக்கா?"ன்னு உள்ள இருந்து சத்தம்.

"அப்ப நீங்களே பொங்குங்க அத்தை. மூணு வீசை நிறுத்து வச்சிருக்கு."

சொல்லிப்புட்டேன். அடுப்பு குளுந்து கிடக்கு. காட்டுல வேலைக்காரவுக கஞ்சிக்கு வழி பாத்துக்கிட்டு இருக்காக. உச்சி வேளையாச்சு. மாமனாருக்கு வயிறு அப்பத்தான் சரியாகியிருக்கு, பசி. கொழுந்தனக் கூப்பிட்டு, "நீ போயிச் சொல்லிட்டு வாடா"ன்னாக. அவரும் போனாரு. போயி எங்க ஆத்தாகிட்ட என்ன சொன்னாருங்கிற? தண்ணி எடை, டிகிரி, ஈரம், ஆவின்னு பாடம் நடத்தியிருக்காரு. எங்க ஆத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இருக்கட்டும் தம்பி, மோரு குடிங்க"ன்னுருக்கா. குடிச்சிட்டு வந்து நிக்கிறாரு, "சொல்லிட்டேன் மதினி"ன்னு.

"சாம்பல அள்ளுனது நீங்க இல்லையே கொழுந்தனாரே"ன்னேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னால எங்க மாமியா சேலைய உதறிக் கட்டிக்கிட்டுக் கிளம்புனாக. நான் கூடப் போகல. எங்க ஆத்தா பின்னால சொன்னதுதான். அடுப்படிக்குள்ள போகல, நிலைகிட்ட நின்னாகளாம். பொல்லாதது சொல்லிட்டேன், தப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. "மகளக் கூட்டிட்டு வாரோம். பேறுகாலத்துக்கு நீயும் வந்து கூட இரு. ஒன் கை ராசியான கை"ன்னு சொல்லிட்டு, காலையில குடிக்காத மோரக் கேட்டு வாங்கிக் குடிச்சாகளாம். எங்க ஆத்தாவுக்கு அது போதுமா இருந்துச்சு. "வீட்டுக்கே கூப்பிட்டுட்டாக, வேற என்ன வேணும்"னா. எனக்குப் போதல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே? ஏணியில நின்னு சொன்னாகள்ல, அந்தச் சொல்ல யாரு திரும்ப எடுத்தா? சாகுற வரைக்கும் எடுக்கல. கடைசிக் காலத்துல வாய்க்கு நான்தான் கஞ்சி ஊத்துனேன். அப்பவும் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. இப்ப நினைச்சாக் கேட்டிருக்கணும்னுதான் தோணுது.

அடுத்த வருசம் எனக்குன்னு ஒரு கட்டு கட்டுனாக. பொறுக்கிப் பொறுக்கி நல்ல மாராத்தான் எடுத்தாக. என் முன்னால கொண்டாந்து வச்சாக. நான் அவுக போட்ட முடிச்ச அவுத்துட்டு, எங்கையால ஒரு முடிச்சப் போட்டு, எண்ணிப் பாத்துட்டுத்தான் பரண்ல ஏத்துனேன். அவுக பாத்துக்கிட்டே நின்னாக. பாக்கட்டும்னுதான் போட்டேன்.

அதனாலதான் கேக்குறேன். அந்த மூலை வீட்டுல யாருக்கு வெந்நி போடுறாக, சொல்லு? ஆங்? கேஸுலயா? அந்த மாமியாகாரி காலையில ஒரு அண்டா, ராத்திரி ஒரு அண்டா மேலுக்கு ஊத்துறாளா? நீ கண்ணால பாத்தியா? பாத்துட்டுத்தான் இங்க வந்து சிரிச்சியா? ஒரு அண்டா வெந்நி போட என்ன எரியும்னு எங்கிட்டக் கேக்கச் சொல்லு, நான் சொல்லுறேன். அந்தப் பிள்ளையோட அம்மா டவுனுல இருந்து வரும்போது அவ காதுல இந்தப் பேச்சு விழுந்துச்சுன்னு வையி, அவளும் கேப்பா, நீ எடுத்தியாத்தான்னு. அத அந்தப் பிள்ள எப்படித் தாங்கும்? இல்ல, நீ வா. வெத்தலையத் துப்பிட்டு வா. ரெண்டு பேருமாப் போவோம். அந்த வாசல்ல நின்னு, அண்டாவ வெளிய எடுத்து வையுடின்னு கேக்குறேன். எனக்கு என்ன பயம், இந்த வயசுல?

ஏ, இரு. என்னத்தா இது, மேல சொட்டுது. அய்யய்யோ, தூத்த விழுதுடி! முத்தத்துல விறகு பூராக் காயப்போட்டுக் கிடக்கு. எந்திரி, எந்திரி, பேச்ச விடு. நீ அந்தப் பக்கம் அள்ளு, நான் இந்தப் பக்கம். அடியில இருக்குற சாக்கையும் சேத்து இழு. நனைய விட்டுறாதத்தா!